மீட்டருக்கு இப்பால்!

இரவு மணி பதினொன்று. ஐப்பசி மழை அடித்து ஊற்றுகிறது. திருப்பாதிரிப்புலியூரில் நாம் குடியிருக்கும் தெருவில் விளக்கு எரிகிறது, எதிர்வீட்டில் எரிகிறது, பக்கத்து வீட்டிலே தொலைக்காட்சிகூடப் பாடுகிறது. நம் வீட்டு விளக்கு மட்டும் சிமிட்டிற்று, அணைந்தது, மீண்டும் எரிந்தது, மீண்டும் அணைந்தது. இருள் மட்டுமானால் பொறுத்துக்கொள்ளலாம். மீட்டர் பலகைக்குப் பின்னாலிருந்து ரப்பர் கருகும் நாற்றம்! காதை அருகே கொண்டுபோனால் 'சிர்ர்... சிர்ர்' என்று ஓசை! உள்ளறையில் அம்மா, மூச்சிரைப்புக்காரர், நெபுலைசர் கருவியை நம்பி இரவைக் கழிப்பவர்.

என்ன செய்தோம்? நாகரிகம் கற்றுக்கொடுத்ததைச் செய்தோம். கைப்பேசியை எடுத்து, 'இருபத்துநான்கு மணி நேரமும் இல்லம் தேடி வருவோம்' என்று விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்தின் எண்ணை அழுத்தினோம். இனிய குரல் ஒன்று பெயர் கேட்டது; ஊர் கேட்டது. கடலூர் என்றோம். 'நீலகிரிப் பக்கம் இருக்கிறதே, அந்தக் கூடலூரா?' என்று கேட்டது. இல்லை அம்மணி, கடல் இருக்கும் ஊர், கடலூர் என்றோம். 'தங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது. நாளைக் காலை பத்து மணிக்குமேல் ஆள் வருவார்' என்றது குரல். சுவருக்குள்ளே கருகும் கம்பிக்கு யார் போய்ச் சொல்வது, பத்து மணி வரை பொறுத்திரு என்று?

பிறகுதான் 94987 94987 என்ற மின்னகத்தின் எண்ணை அழைத்தோம். ஒரு பெண் பேசினார். 'பக்கத்து வீட்டில் மின்சாரம் இருக்கிறதா?' இருக்கிறது. 'அப்படியானால் கோளாறு உங்கள் வீட்டு வயரிங்கில் இருக்கலாம். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.'

கூப்பிடுங்கள் என்கிறார், யாரை? ஒன்பது ஆண்டுகளாக அந்தத் தெருவில் இருக்கிறோம். பால்காரர் பெயர் தெரியும். செய்தித்தாள் போடும் தம்பியின் பெயர் தெரியும். சட்டமன்றத்தில் யார் எந்த வரிசையில் அமர்ந்திருக்கிறார் என்பது தெரியும். வீட்டில் தீப்பிடித்தால் ஓடிவரக்கூடிய எலெக்ட்ரீஷியன் யார் என்று தெரியாது! மளிகைக் கடைக்காரரின் உறக்கத்தைக் கலைத்து, அவர் சொன்ன எண்ணை அழைத்தோம். கால் மணி நேரத்தில் வந்தார், அடுத்த தெருவிலே வாழும் ஓர் அண்ணன். தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, மொபெட்டில், மழையில்.

வாசலிலேயே கேட்டார்: "மெயினை ஆஃப் பண்ணிட்டீங்களா தம்பி?"

கையில் டார்ச் விளக்கு, ஒரு டெஸ்டர், ஒரு கட்டிங் பிளேயர். பலகையைக் கழற்றினார். நியூட்ரல் கம்பி பிடித்திருந்த திருகாணி தளர்ந்து, பச்சைக் களிம்பு ஏறி, கம்பியின் நுனி கரியாகிக் கிடந்தது. "கடக்காத்து தம்பி. உப்பு. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறையாச்சும் இதை முறுக்கிவிடணும்" என்றார். கருகியதை வெட்டி, புதிதாக உரித்து, முறுக்கி, எரியவிட்டார். கூலி முந்நூறு ரூபாய். புறப்படும்போது ஒரு வார்த்தை சொன்னார்: "பகல்ல ஒருநாள் கூப்பிடுங்க. எர்த் பாக்கணும். இந்த வீட்ல எர்த் இருக்கற மாதிரி எனக்குத் தெரியல." ஆகட்டும் அண்ணே என்றோம். மறந்தும் போனோம்.

நம் வீட்டுக் கதையை நாட்டுக் கதைபோல் அளப்பானேன் என்று கேட்கலாம். இது நம் வீட்டுக் கதை மட்டுமல்ல, கடலூரிலும் சிதம்பரத்திலும் பரங்கிப்பேட்டையிலும் பெரும்பாலான வீடுகளின் கதை என்பதால்தான் எழுதுகிறோம்.

மின்சாரத்திற்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. மீட்டர்தான் அந்த எல்லை. கம்பம், டிரான்ஸ்பார்மர், தெருவிலே செல்லும் கம்பி, அங்கிருந்து வீட்டு மீட்டர் வரை வரும் இணைப்பு, எல்லாம் மின்வாரியத்தின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், அது நம் பொறுப்பு. 1957 ஜூலை முதல் நாள் சென்னை மாநில மின்சார வாரியம் பிறந்தது. 2010இல் அது பிரிந்து கழகங்களாயிற்று. 2024இல் மறுபடியும் பிரிந்து பெயர் மாறிற்று. பலகையில் எழுத்து மாறிற்றே தவிர, அந்த எல்லைக்கோடு மாறவில்லை. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? நம் வீட்டுச் சுவருக்குள் எலி கடித்த வயருக்கு, மின்வாரியத்தைத் திட்டுகிறோம்! திட்டி முடித்த பிறகும் இருட்டிலேதான் உட்கார்ந்திருக்கிறோம்.

மீட்டருக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதைப் பேச அரசு உண்டு, எதிர்க்கட்சி உண்டு, ஏடு உண்டு. மீட்டருக்கு இப்பால் நடப்பதைப் பேச யார் உண்டு?

2011 டிசம்பர் 30ஆம் நாளை நம் மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். 'தானே' என்று பெயரிடப்பட்ட புயல் விடியற்காலையில் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிற்று. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் முறிந்து வயலிலும் வாய்க்காலிலும் கிடந்தன. விந்தையைப் பாருங்கள்! நெய்வேலி இருப்பது இந்த மாவட்டத்தில்தான். 1956இல் நிறுவனம் தொடங்கி, 1962இல் சோவியத் நாட்டின் துணையோடு முதல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கி, தென்னாட்டு மாநிலங்களுக்கெல்லாம் ஒளி வழங்கிய நெய்வேலி! அந்த நெய்வேலியின் மாவட்டத்திலே சிற்றூர்கள் வாரக்கணக்கில் மெழுகுவத்தியில் வாழ்ந்தன.

பிற மாவட்டங்களிலிருந்து மின்வாரியத் தொழிலாளர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடங்களில் படுத்து, கிடைத்ததை உண்டு, கம்பம் நட்டார்கள், கம்பி இழுத்தார்கள். அவர்களுக்கு நம் மாவட்டம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. நாம் அப்போது பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர். தெருவுக்கு மின்சாரம் வந்த மாலையில் ஊரே கைதட்டியது நினைவிருக்கிறது. மறுநிமிடமே ஒரு வீட்டிலிருந்து அலறல் வந்ததும் நினைவிருக்கிறது. கூரை போன வீடு. நாட்கணக்கில் நனைந்த சுவர். அந்தச் சுவருக்குள் ஓடும் பழைய வயர். மின்சாரம் வந்ததும் சுவரே ஷாக் அடித்தது! உயிர் போகவில்லை, அது தற்செயல். அன்றிரவு முதல், தெருவில் இருந்த இரண்டு எலெக்ட்ரீஷியன்கள் சோதனை விளக்கைக் கையில் ஏந்தி வீடு வீடாக நுழைந்தார்கள். எந்த வயர் தாங்கும், எதைத் துண்டிக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து உயிர் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பாராட்டு விழா நடந்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் அந்த நாட்களில் நடந்தது. வாடகை ஜெனரேட்டர்கள் தெருத்தெருவாகச் சுற்றின. மணிக்கு இவ்வளவு என்று பேசி, மேல்தொட்டிக்கு நீரேற்றினார்கள், கைப்பேசிக்கு மின்னேற்றினார்கள். தவறில்லை. ஆனால் ஜெனரேட்டரின் கம்பியை வீட்டு வயரிங்கில் அப்படியே செருகினால் என்ன ஆகும்? மெயின் சுவிட்ச் அணைக்கப்படாமல் இருந்தால், அந்த மின்சாரம் வீட்டை விட்டு வெளியேறித் தெருக்கம்பிக்கு ஏறும். டிரான்ஸ்பார்மருக்குள் தலைகீழாக நுழைந்து பல்லாயிரம் வோல்ட்டாகப் பெருகி மறுபக்கம் வெளிவரும். அங்கே, 'லைன் அணைந்திருக்கிறது' என்று நம்பிக் கம்பத்தின் மேல் ஒரு தொழிலாளி உட்கார்ந்திருப்பார்! எங்கிருந்தோ வந்து நமக்கு வெளிச்சம் தர ஏறியவரை, நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்காகக் கொல்வதா? சேஞ்ச்ஓவர் சுவிட்ச் என்ற ஒன்றைப் பொருத்தினால் இந்தப் பழி இல்லை. அதைப் பொருத்தத் தெரிந்தவர் உள்ளூர் எலெக்ட்ரீஷியன். அவரைக் கேட்கத்தான் ஆளில்லை.

தானேக்குப் பிறகு, உலக வங்கியின் கடனுதவியோடு கடலூர் நகரில் மின்கம்பிகளைத் தரைக்கடியில் கேபிளாகப் பதிக்கும் பணி நடைபெற்றது. நல்ல காரியம். புயல் வந்தால் மண்ணுக்குள் இருக்கும் கேபிளை மரம் விழுந்து அறுக்காது. ஆனால் தெருக்கம்பி பூமிக்குள் போயிற்றே, வீட்டுக்கம்பி எந்தக் காலத்தில் இருக்கிறது? சிதம்பரத்தின் தேரோடும் வீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். மரச்சட்டம் அடித்து வயர் ஓட்டிய காலத்து வேலை இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. நாலு விளக்குக்கும் ஒரு விசிறிக்கும் போட்ட கம்பி அது. அதன் தலையிலே இன்று குளிர்சாதனம், வெந்நீர்க் கருவி, கிரைண்டர், மின்அடுப்பு! மாட்டுவண்டியில் யானையை ஏற்றிய கதை. அண்ணாமலைநகர்ப் பக்கம் மாணவர்களுக்கு வாடகைக்கு விடும் அறைகளிலோ, ஒரே பிளக்கிலிருந்து நீட்டிப்புப் பெட்டி, அதிலிருந்து இன்னொரு நீட்டிப்புப் பெட்டி. வாடகை மட்டும் மாதம் தவறாமல் வசூலாகிறது.

2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து பெருவெள்ளம் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை கரை மீறிக் கடலூரின் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. முழங்கால் உயரத்தில் இருந்த பிளக்குகளெல்லாம் மூழ்கின. வெள்ளம் வடிந்ததும் சேற்றை வாரிக் கொட்டிவிட்டு, முதல் வேலையாக மெயின் சுவிட்சைப் போட்டுப் பார்க்கத் தோன்றும் நமக்கு. தரை காய்ந்துவிடும்; சுவிட்ச் பெட்டிக்குள் தேங்கிய சேற்றுநீர் காய்ந்திருக்காது. ஒருவர் வந்து கழற்றிப் பார்த்துச் சொல்லும்வரை அந்தச் சுவிட்சில் கை வைக்கக்கூடாது.

"பீஸ் கட்டை இருக்கிறது, ஷாக் அடித்தால் பீஸ் போய்விடும்" என்று சிலர் தைரியம் சொல்வார்கள். அந்தத் தைரியம் ஆளைக் கொல்லும். ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு எரிய எவ்வளவு மின்சாரம் வேண்டும்? 230 வோல்ட்டில் ஏறத்தாழ 40 மில்லியாம்பியர். ஒரு மனிதனின் நெஞ்சின் வழியாக அவ்வளவு ஓடினால் இதயம் தாளம் தப்பி நின்றுவிடக்கூடும். ஐந்து ஆம்பியர் பீஸ், அதைப்போல் நூறு மடங்கு ஓடினாலும் உருகாது. பீஸ் இருப்பது கம்பி தீப்பிடிக்காமல் காக்க. மனிதனைக் காக்க அல்ல. எம்.சி.பி.யும் அப்படியே. மனிதனைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. போன மின்சாரம் முழுவதும் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லியாம்பியர் வேறு வழியில் கசிந்தால், கண்ணிமைக்கும் நேரத்திற்குள் துண்டித்துவிடும். விலை ஒரு பட்டுச்சேலையில் பாதிகூட இராது. இந்த நாட்டில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி மடிகிறார்கள் என்று அரசின் குற்ற ஆவணப் பதிவேடே சொல்கிறது. அதைச் செய்தித்தாளில் ஒரு மூலையில் படித்துவிட்டுப் புரட்டுகிறோம்.

சரி, எலெக்ட்ரீஷியனை எப்படித் தேர்வது? ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் பிரிவு என்பது பத்தாவது தேறியவர் இரண்டாண்டு பயிலும் படிப்பு. அதற்கப்பால், அரசின் மின் உரிம வாரியம் கம்பியாள் தகுதிச் சான்றிதழ், உதவியாளர் சான்றிதழ், மேற்பார்வையாளர் சான்றிதழ் என்று வழங்குகிறது. ஒப்பந்தக்காரருக்கு உரிமம் தனி. பல்பு, விசிறி, பீஸ், சுவிட்ச் மாற்ற உரிமம் வேண்டாம் என்று விதியே விட்டுக்கொடுத்திருக்கிறது. புதிதாக வயர் இழுக்கவும் பலகை மாற்றவும் உரிமம் பெற்றவர் வேண்டும். "அண்ணே, சான்றிதழ் இருக்கிறதா?" என்று கேட்பது அவமதிப்பல்ல. மருத்துவர் தம் பட்டத்தைச் சுவரில் மாட்டிவைக்கவில்லையா?

எலெக்ட்ரீஷியன்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நாம் வாதாட வரவில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத வயரைத் தலையில் கட்டுவோர் உண்டு. சுவருக்குள்ளே முறுக்கி டேப் சுற்றிப் பூசி மறைப்போர் உண்டு. பீஸ் அடிக்கடி போகிறது என்றால் காரணம் தேடாமல், தடித்த கம்பியைக் கட்டிவிட்டு, 'இனிமே போகாது சார்' என்போர் உண்டு. ஆம், பீஸ் போகாது, வீடுதான் போகும்! மீசை முளைக்காத பையனைக் கையுறையின்றி ஏணியில் ஏற்றிவிட்டுத் தாம் கீழே நின்று கைப்பேசி பார்ப்போரும் உண்டு. அவர்களைக் கண்டிக்க நாம் தயங்கவில்லை. ஆனால் இந்தக் குறைகளுக்கெல்லாம் ஊற்று எது? 'யார் மலிவு?' என்ற ஒரே கேள்வியை மட்டும் நாம் கேட்பதுதான்.

ஜவுளிக்கடையில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டைப் பார்த்து வாய்பேசாமல் பணத்தை எண்ணி வைக்கிறவர், எலெக்ட்ரீஷியனிடம் ஐம்பது ரூபாய்க்கு அரைமணி நேரம் நிற்கிறார். 'ஒரு திருகாணியை முறுக்கியதற்கு முந்நூறா?' என்கிறார். முறுக்கியதற்குக் கூலி குறைவுதான் ஐயா! எந்தத் திருகாணி என்று தெரிந்ததற்குத்தான் மீதி. வந்து பார்க்க எவ்வளவு, இரவானால் எவ்வளவு கூடுதல், பொருள் யார் வாங்குவது என்று முன்னதாகவே பேசிக்கொண்டால் இரு பக்கமும் முகம் சுளிக்க இடமில்லை.

இன்னொரு சேதி. இதைச் சொல்லாமல் விட்டால் நாம் யார் வழி வந்தோம் என்பதற்கே பொருளில்லை. 1953இல் ஆச்சாரியார் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்றார். நாடு கொதித்தது, 1954இல் காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். இந்த மின்தொழிலை எண்ணிப் பாருங்கள். மின்சாரமே இல்லாத ஊரிலே, மின்தொழிலாளிக்கு அப்பன் தொழில் எங்கிருந்து வரும்? எந்தச் சாத்திரமும் இந்தத் தொழிலை எந்தக் குலத்துக்கும் எழுதிவைக்கவில்லை! மீனவர் வீட்டுப் பிள்ளை, உழவர் வீட்டுப் பிள்ளை, துப்புரவுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, எல்லோரும் ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட தொழில் இது. பெண்களும் கற்கிறார்கள், நாளை மழை இரவில் வரும் அண்ணன், அக்காவாகவும் இருப்பார்.

அப்படிப்பட்ட தொழிலாளியை எப்படி நடத்துகிறோம்? 'ஏய், கரண்ட்டு!' என்று கூப்பிடுகிறோம். பூசையறையில் விசிறி ஓடவில்லை; அவரை உள்ளே விடலாமா என்று தயங்கும் வீடு இன்னும் நம் ஊரில் உண்டு. பூசையறை வயர் கருகினால் திருகாணியை முறுக்கச் சாமியா வரும்? டெஸ்டரின் விளக்கு எந்தச் சாதிக்காரர் கையிலும் ஒரேமாதிரிதான் எரிகிறது. உட்காரச் சொல்லுங்கள், நாம் குடிக்கும் தம்ளரிலேயே தேநீர் கொடுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் அமைக்கப்பட்டது. மின் வேலை செய்வோரும் அதில் பதியலாம். "பதிந்திருக்கிறீர்களா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஏணியிலிருந்து விழுந்தால் அவர் குடும்பத்துக்கு ஏதாவது கிடைக்க வேண்டுமல்லவா?

ஆட்சியாளர்களிடமும் கேட்கிறோம். கடலூர் 2021இல் மாநகராட்சி ஆயிற்று. சிதம்பரம் நகராட்சி. வார்டுக்கு வார்டு, சான்றிதழ் பெற்ற எலெக்ட்ரீஷியன்களின் பட்டியலை, அவர்கள் ஒப்புதலோடு, வார்டு அலுவலகத்திலும் நியாயவிலைக் கடையிலும் ஒட்டிவைக்க என்ன செலவாகும்? ஒரு தாளும் கொஞ்சம் பசையும். வெள்ளம் வடிந்ததும் நிவாரண அரிசி கொடுக்கிறீர்கள், வாழ்த்துகிறோம். அதே கையோடு, நீர் புகுந்த வீடுகளின் வயரிங்கைச் சோதிக்க அந்தப் பட்டியலில் உள்ளவர்களை அரசே கூலி கொடுத்து அனுப்பக்கூடாதா? வேலை கிடைத்தது அவர்களுக்கு. உயிர் பிழைத்தது குடிசைவாசிக்கு. இதை வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் செய்யவேண்டும். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பிறகு பசை காயாது.

இவ்வளவையும் ஊருக்கு எழுதப் புகுந்தபோதுதான், அண்ணன் புறப்படும்போது சொன்னது நினைவுக்கு வந்தது. வெட்கமாயிருந்தது. சென்ற ஞாயிறு அவரை அழைத்தோம். பலகையிலிருந்து பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே கொல்லைப்புறம் வரை போனார். கிணற்றடியில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், ஒரு சிமென்ட் மூடி. அம்மா நாள்தோறும் ஈரக்கையோடு மோட்டார் சுவிட்சைப் போடும் இடம் அது. மூடியைத் தூக்கினார். உள்ளே மணல் இருந்தது. செங்கல் துண்டுகள் இருந்தன. பச்சை வயரின் நுனியும் இருந்தது. அதைக் கட்டவேண்டிய குழாய் இல்லை.

"எத்தனை வருஷமா இருக்கீங்க தம்பி, இந்த வீட்ல?"

"ஒன்பது வருஷம் அண்ணே."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "கடப்பாரை இருக்கா?" என்று கேட்டார்.